அய்யனார் கோவிலும் அடுக்கு வயல்களும்
குடியானவர்களுக்கேற்ற ஒரு நாள் யாத்திரை

பயிர்த்தொழில் செய்வோர் வருஷத்தில் ஒரு தினமேனும் தம் வயலை விட்டுப் புறப்பட்டு, பிறர் நிலங்களைப் பார்த்துவருவது மிகுந்த பிரயோஜனமுள்ள காரியமாகும். தன் வயலையே நாள்தோறும் காண்பவனுக்கு அதிலுள்ள குறை கண்ணில் படுவதில்லை. அயலூரின் வரப்பையும் வாய்க்காலையும் கண்ட பின்னரே தன் ஊர்க் கரையின் நிலைமை அவனுக்கு விளங்குகிறது. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் பல நாட்களைச் செலவிடும் நாம், தண்ணீர் எங்கே பிறந்து எவ்வழியே நம் நெல்லின் வேரை வந்தடைகிறது என்பதைக் காண ஒரு நாளைச் செலவிடுவதில்லை. அங்ஙனம் செலவிடத்தக்க ஸ்தலங்களுள் ஒன்று, விருதுநகர் ஜில்லா இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ள அய்யனார் கோவிலாகும்.

அடுக்கு வயல் என்பது யாது?

சரிவான நிலத்தில் பெய்யும் மழை நில்லாமல் ஓடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் உடன் கொண்டுபோகிறது. ஆகவே சரிவில் நெல் பயிரிட விரும்புவோர் நிலத்தைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மட்டமாக்கி, விளிம்பில் வரப்புக் கட்டுகின்றனர். மேற்படியில் நிறைந்த நீர் வாய்மடை வழியாக அடுத்த படியில் இறங்குகிறது. அதுவும் நிறைந்தபின் அதற்கடுத்ததில் இறங்குகிறது. இவ்விதமாக ஒரே நீர் பல வயல்களை நனைத்து முடிவில் ஓடையைச் சேருகிறது. இதுவே அடுக்கு வயலின் தத்துவம்.

இவ்வகை வயல்களுள் உலகப் பிரசித்தி பெற்றவை பிலிப்பைன் தேசத்து லூசான் தீவின் வடமலைகளில் இபுகாவோ மக்கள் அமைத்தவை. 1995-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்துக்களின் வரிசையில் சேர்த்தது. ஆனால் ஆறே வருஷங்களில், அதாவது 2001-ல், அவ்வயல்கள் அபாயத்திலுள்ளவை என்ற தனிப் பட்டியலில் ஏற்றப்பட்டன. பூகம்பமோ படையெடுப்போ இதற்குக் காரணமன்று. இளைஞர்கள் வேறு பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் போயினர், கவனிப்பாரற்ற வரப்புகள் சரிந்தன, கால்வாய்கள் தூர்ந்தன. பிறகு பல வருஷங்கள் பழுதுபார்த்ததன் பயனாக 2012-ல் அவை அபாயப் பட்டியலினின்று நீக்கப்பட்டன. அம்மக்கள் வயல்களுக்கு மேலேயுள்ள சரிவில் ‘முயோங்’ என்னும் குடும்பத் தோப்புகளை வழிவழியாகக் காத்துவருகின்றனர். அத்தோப்பின் வேரும் சருகும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதாலேயே கீழுள்ள வயல்களில் நீர் நிற்கிறது. மேலே மரம் போனால் கீழே நெல் போகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். 

நம் ராஜ்யத்திலும் பழநி மலையில், கொடைக்கானலுக்கு மேற்கேயுள்ள பூம்பாறை முதலிய கிராமங்களில், சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்களைக் காணலாம். இப்போது அங்கே பேர்பெற்ற பயிர் மலைப்பூண்டு; கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இராஜபாளையத்தில் இத்தகைய செங்குத்தான படிகள் இல்லை. எனினும் தத்துவம் ஒன்றே. மலையடியிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. அத்தாழ்வை அநுசரித்து முன்னோர் கண்மாய்களைச் சங்கிலி போல் கோத்திருக்கின்றனர்; ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்தாகிறது. ஒவ்வொரு கண்மாயின் கீழும் நஞ்சைத் தாக்குகள் ஒன்றைவிட ஒன்று தணிந்து இறங்குகின்றன. மலையில் ஆளுயரப் படியாக நிற்பது இங்கே சாண் உயரப் படியாகப் படுத்திருக்கிறது; அவ்வளவே வித்தியாசம். விருதுநகர் ஜில்லாவில் சராசரி மழை வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டியதே. கரிசலும் மானாவாரியும் மிகுந்த அந்த ஜில்லாவில், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய மலையோரத் தாலூகாக்களில் நெல் செழிப்பதற்கு மலையும் இந்தக் கண்மாய்ச் சங்கிலியுமே ஆதாரம்.

காலையில் மலையடிவாரம்

இராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலை வழியாக மேற்கே சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் கோவிலை அடையலாம். விடியற்காலையிலேயே புறப்படுதல் உத்தமம். வழியில் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் காணலாம். இராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்னும் மாங்கனிகள் பேர்பெற்றவை. மேட்டு நிலத்தில் மரமும், தாழ்ந்த நிலத்தில் நெல்லும் வைத்திருக்கும் முறையை வண்டியிலிருந்தபடியே கவனிக்கலாம். வேர் ஆழமாகச் செல்லும் மரம் வடிகாலுள்ள சரிவில் நன்கு தழைக்கும். நிறுத்திய நீரை விரும்பும் நெல்லுக்குக் களிமண் தங்கிய பள்ளமே ஏற்றது. நிலத்தின் குணமறிந்து பயிரைத் தேர்தல் என்பது இதுவே.

வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் என்பது இருக்கிறது. இராஜபாளையம் நகரவாசிகளுக்குக் குடிநீர் இங்கிருந்தே செல்கிறது. ஆகவே மலைநீருக்கு வயல் மட்டுமே உரிமையாளியன்று, நகரமும் பங்காளி என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பங்காளிகள் பெருகும்போது பொதுச் சொத்தைக் காக்கவேண்டிய பொறுப்பும் பெருகுகிறது.

நீர் காத்த அய்யனார்

மலையாற்றின் கரையில், காட்டினிடையே எழுந்தருளியிருக்கும் இத்தெய்வத்துக்கு ‘நீர் காத்த அய்யனார்’ என்பது திருநாமம். நம் நாட்டில் அய்யனாரைப் பெரும்பாலும் ஊரெல்லையிலும் கண்மாய்க் கரையிலும் வைத்து வழிபடுவது வழக்கம். கரை உடைந்தால் ஊர் அழியும். ஆதலால் கரையிலே காவல் தெய்வத்தை நிறுத்தினர் பெரியோர். இங்கோ கரைக்கும் மேலே, நீர் மலையை விட்டு இறங்கும் வாயிலிலேயே காவல் அமைந்திருக்கிறது.

நீரின் தலைவாயில் கோவில் அமைப்பது நமக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. பாலித் தீவில் ‘சுபாக்’ என்னும் பாசனச் சங்கங்கள் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகின்றன. ஒரே மடையில் நீர் பெறும் குடியானவர்கள் ஒரு சங்கமாகக் கூடி, நீர்க் கோவிலில் கலந்து பேசி, எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது தரிசாக விடுவது என்று நிச்சயிக்கின்றனர். அண்டை வயல்கள் யாவும் ஏககாலத்தில் அறுவடையாகித் தரிசாவதால் பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் உணவும் இடமும் இல்லாமற் போகின்றன. 1970-ஆம் வருஷங்களில் அதிக விளைச்சலை உத்தேசித்து, அவரவர் இயன்ற அளவு அடிக்கடி நடலாம் என்று அதிகாரிகள் ஊக்கினர். பழைய முறை குலைந்தது. சில வருஷங்களிலேயே பூச்சிச் சேதமும் நீர்த் தகராறும் மிகுந்தன. பின்னர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, கணக்கிட்டு ஆராய்ந்து, பழைய கூட்டு முறையே நீருக்கும் பூச்சிக்கும் ஒருங்கே பரிகாரமென்று காட்டினார். 2012-ல் சுபாக் முறையும் உலகப் பாரம்பரிய வரிசையில் சேர்ந்தது. தனி ஒருவன் வயலில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், மேல் வயற்காரனும் கீழ் வயற்காரனும் ஒத்துப்போகாவிடில் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

கோவிலருகே ஆற்றங்கரையில் நின்று மேலே நோக்கினால் காடு அடர்ந்திருப்பதைக் காணலாம். இம்மலைப் பகுதி 1988-ல் சாம்பல் நிற மலை அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. புலிக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். புலி வாழும் காட்டில் மரமும் புல்லும் சருகும் குலையாமல் இருக்கும். அவை குலையாத மலையில் மழை முடிந்த பிறகும் ஓடை ஓடும். மரமற்ற மலையில் பெய்த மழை ஓரிரு நாட்களில் வெள்ளமாகக் கடந்துபோய், கண்மாயில் நீருக்குப் பதிலாக மண்ணை நிரப்பிவிடும். காட்டை நாம் காப்பது நம் மடையைக் காப்பதேயாகும்.

பிற்பகலில் கண்மாயும் மடையும்

கோவிலினின்று திரும்பும்போது தண்ணீரோடு கூடவே இறங்கி வருதல் வேண்டும். ஆற்றினின்று பிரியும் வரத்துக் கால்வாய், கண்மாயின் உள்வாய், கரை, மடை, மறுகால் வழியும் கலிங்கு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கலாம். இந்நீர்கள் யாவும் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. எஞ்சியது மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

கண்மாயில் முதலில் கவனிக்கவேண்டியது வண்டல். ஒரு ஏக்கர் உள்வாயில் ஓரடி உயரம் வண்டல் ஏறினால், சுமார் 12,00,000 லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போயிற்றென்று அர்த்தம். ஒரு ஏக்கர் வயலில் 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிறுத்த ஏறக்குறைய 2,00,000 லிட்டர் வேண்டும். ஆகவே ஒரு ஏக்கர் உள்வாயின் ஓரடி வண்டலால் ஆறு ஏக்கர் நெல்லுக்கு ஒரு தடவைப் பாய்ச்சல் நஷ்டமாகிறது. பூக்கும் பருவத்தில் அந்த ஒரு பாய்ச்சல் கிடைக்காமற் போனால் கதிர் பதராகும் என்பதைக் கடைமடைக்காரர் அறிவர். அதே வண்டல், வயலில் கொட்டினால் எருவாகும். கண்மாயில் சத்துருவாயிருப்பது வயலில் மித்திரனாகிறது.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது சீமைக் கருவேலம். உள்வாயிலும் கால்வாயிலும் இது முளைத்தால் நீரோட்டத்தைத் தடுத்து மண்ணைப் படியச் செய்கிறது. இளஞ்செடியாயிருக்கும்போதே வேரோடு பிடுங்குதல் எளிது. மரமானபின் வெட்டினால் கட்டையினின்று மறுபடி தழைக்கும்.

மாலையில் வயல்

கரையின் மேல் நின்று கிழக்கே பார்த்தால் வயல்கள் படிப்படியாக இறங்குவது நன்கு தோன்றும். வடகிழக்குப் பருவ மழையின்போது நட்ட பயிர் பசுமையாயிருக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இக்காட்சி கண்ணுக்கு இனியது. ஆனால் கண்குளிரப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கீழ்க்கண்ட நான்கு விஷயங்களைக் குடியானவர் ஆராய்ந்து பார்ப்பாராக.

முதலாவது, மட்டம். ஒரு ஏக்கர் வயலில் ஒரு மூலையில் மட்டும் 5 செ.மீ. மேடு இருந்தாலும், அந்தச் சிறு திட்டு நனைவதற்காக வயல் முழுவதிலும் 5 செ.மீ. அதிகமாக நீர் நிறுத்த வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன 2,00,000 லிட்டரும் இந்தத் திட்டு ஒன்றுக்காக வீணாகிறது. தொழியடித்தபின் மெல்லிய நீர் கட்டிப் பார்த்தால் மேடும் பள்ளமும் தாமே தெரியும். தண்ணீரைவிடச் சிறந்த மட்டப்பலகை கிடையாது. அப்பொழுதே பரம்படித்துச் சரிசெய்ய வேண்டும். 14 நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடும் திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு விதை 3 கிலோ அளவே போதுமானது. ஆனால் வயல் மட்டமாயிராவிடில் பள்ளத்தில் இளநாற்று அழுகும், மேட்டில் களை மிகும்.

இரண்டாவது, வரப்பு. நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கி, களைகளை நீக்கி, சேறு பூசி அண்டை கட்டுவது பழைய வழக்கம். இதனால் நண்டு வளைகள் அடைபடும். பூச்சிகளும் எலிகளும் தங்குமிடம் இழக்கும். அகலமும் உயரமும் மிகுந்த வரப்பு எலிக்கு அரண்மனையாகும். ஆகையால் நீரைத் தாங்குமளவுக்கு மட்டும் வைத்தல் போதும்.

மூன்றாவது, வயல் விட்டு வயல் பாயும் நீர். மேல் வயலில் யூரியா இட்டவுடன் வாய்மடையைத் திறந்துவிட்டால் உரம் கீழ் வயலுக்குப் போய்விடும். கொடுத்தவனுக்கும் குறைவு, வேண்டாத சமயத்தில் பெற்றவனுக்கும் பயிர் கொழுத்துச் சாய்ந்து நஷ்டம். உரமிட்ட இரண்டு மூன்று நாட்களுக்கு வாய்மடையை அடைத்துவைத்தல் இருவருக்கும் நலம்.

நான்காவது, காய்ச்சலும் பாய்ச்சலும். நெல் எப்போதும் நீரில் நிற்கவேண்டுமென்ற எண்ணம் சரியன்று. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் விளைச்சல் குறையாமல் நீர் மிச்சமாகும். பூக்கும் சமயத்தில் மட்டும் 5 செ.மீ. நீர் தவறாமல் நிற்க வேண்டும். மேல்மடைக்காரர் இம்முறையைக் கைக்கொண்டால், மிச்சமான நீர் கடைமடையின் கதிரை முற்றச் செய்யும்.

ஒரு தாக்கு தரிசானால்

அடுக்கு வயல்களின் பலமும் பலவீனமும் ஒன்றே. அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நடுவிலுள்ள ஒரு தாக்கைச் சொந்தக்காரர் கவனியாமல் விட்டுவிட்டால், முதல் வருஷம் களை மண்டும். இரண்டாம் வருஷம் எலியும் நண்டும் வரப்பைத் துளைக்கும். அடுத்த பெருமழையில் வரப்பு உடைந்து, மேல் வயலின் நீர் வடிந்துபோகும், கீழ் வயலில் மண் சரியும். ஒரு தாக்கை மனைக்கட்டாக மாற்றினாலோ, வாய்க்கால் மறைந்து அதற்குக் கீழேயுள்ளவர்கள் யாவரும் நீரிழப்பர். நஞ்சையை விற்பது ஒருவனுடைய உரிமையாயிருக்கலாம். ஆனால் அதனால் வரும் கஷ்டம் அவன் ஒருவனோடு நிற்பதில்லை. வேலையாட்கள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகம் பார்க்கின்றனர் என்ற காரணங்கள் மெய்யானவையே. இபுகாவோ மலையிலும் இதே காரணங்களைத்தான் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் நிலத்தைத் தரிசாக விடுவதைவிட அண்டை வயற்காரருக்குக் குத்தகைக்கோ வாரத்துக்கோ கொடுத்து, வரப்பையேனும் உயிரோடு வைத்திருப்பது ஊருக்குச் செய்யும் உபகாரமாகும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கரையைக் குடிகளே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து நம் நாட்டுப் பழைய ஏற்பாடு. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் அவ்வழக்கத்துக்குச் சட்டபலம் தந்தது. ஆயினும் சட்டத்தால் மட்டும் வழக்கம் நிலைக்கவில்லை. நாளடைவில் அது நலிந்தது. 2000-ஆம் வருஷத்தில் விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 2017-ல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே தமிழக அரசு கண்மாய்களைச் சீர்ப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மணியமும் கர்ணமும் 1980-ல் ஒழிந்தபோதிலும், கரை, கால்வாய், மறுகால் ஆகியவற்றின் எல்லையை அறிந்து சொல்லவேண்டிய கடமை இன்றைய கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன், ஆவணி மாதத்துக்குள், அவர் ஆயக்கட்டுதாரர்களுடன் கரையை ஒருமுறை சுற்றிவந்து, பலவீனமான இடங்களையும் ஆக்கிரமிப்புகளையும் எழுதிவைத்தல் நலம். கண்மாய் வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவோர் தாலூகா அலுவலகத்தில் அனுமதி பெறும் முறையையும் அவர் எடுத்துச் சொல்லி உதவலாம்.

யாத்திரை செய்வோர்க்குச் சில குறிப்புகள்

கோவில் காட்டினுள் இருப்பதால் வனத்துறையின் அனுமதியையும் நேரக் கட்டுப்பாட்டையும் விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். மலையில் மழையிருக்கும் நாளில் ஆற்றைக் கடத்தல் ஆகாது. கோவிலடியில் வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழையால் காட்டாற்று வெள்ளம் திடீரென்று வந்துவிடும். அக்கரைக்குச் சென்ற பக்தர்கள் திரும்பமுடியாமல் தவித்ததும், மீட்கப்பட்டதும் பலமுறை நேர்ந்திருக்கின்றன. காட்டில் தீ மூட்டலாகாது. பிளாஸ்டிக் பைகளையும் எண்ணெய், சீயக்காய்ப் பொட்டலங்களையும் ஆற்றில் எறியலாகாது. அந்நீரைக் கீழே ஒரு நகரம் குடிக்கிறது. உச்சிப்பொழுதுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது வசதி. திரும்பும் வழியில் நேரமிருப்பின் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாள் சந்நிதியைத் தரிசித்து, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு வரலாம். அப்பால்கோவாவுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 

ஒரே மடையில் நீர் பெறும் மேல் வயற்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்து ஒரே வண்டியில் இந்த யாத்திரையை நடத்துவது சிலாக்கியம். வளர்ந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். நிலத்தை நாளை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்களே. ஊர் திரும்பிய வாரத்திலேயே எல்லோரும் கூடித் தங்கள் வரத்துக் கால்வாயில் ஒரு காதவழியேனும் நடந்து பார்த்து, முதலில் செய்யவேண்டிய வேலையை நிச்சயித்து, மழைக்கு முன் முடித்துக்கொள்வார்களாக.